10 ரூபாய்க்கு எது லாபம்? சிப்ஸ் பாக்கெட்டா, கொய்யாப் பழமா?

கிலோ 400 ரூபாய் கொடுத்து வாங்குகிறோம், தெரியுமா?
பாக்கெட்டின் பின்பக்கம் சொல்லும் கணக்கு

சென்னை நகரில் மாலை 5 மணி அடித்து விட்டால் இரண்டு வியாபாரம் சூடு பிடிக்கும். ஒன்று, பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட் தீனி வியாபாரம். மற்றொன்று, தள்ளுவண்டிப் பழ வியாபாரம்.

பாரிமுனை, தியாகராய நகர், தாம்பரம், திருவொற்றியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இந்த இரண்டும் இருக்கும். மதியம் சாப்பிட்ட சாப்பாடு செரித்து, வயிறு கிள்ளுகிற நேரம். பஸ் வருவதற்குள் ஏதாவது வாயில் போட வேண்டும். சட்டைப் பையில் இருப்பதோ 10 ரூபாய் காசு.

கை எங்கே போகிறது? பத்தில் எட்டுப் பேருக்குக் கை தானாகவே பாக்கெட் பக்கம்தான் போகும் போலிருக்கிறது! பளபளக்கும் காகிதம், கறுமுறு சத்தம், உப்பும் காரமும் கலந்த ருசி. கேட்கவா வேண்டும்?

ஆனால் அந்த 10 ரூபாய்க்கு உடம்புக்குக் கிடைப்பது என்ன? கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றுகிறது!

கிலோ 400 ரூபாய்!

10 ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? கம்பெனிக்குக் கம்பெனி எடை மாறும். 25 கிராம் இருப்பதாகவே தாராளமாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் கிலோ 400 ரூபாய்! 20 கிராம்தான் என்றால் கிலோ 500 ரூபாய்!

"அடேயப்பா! உருளைக்கிழங்கா இந்த விலை?" என்று கேட்கத் தோன்றும். கிழங்கு விலை அல்ல இது. கிழங்கைச் சீவி, எண்ணெயில் பொரித்து, மசாலா தூவி, பாக்கெட்டில் அடைத்து, விளம்பரமும் செய்து, லாரியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்து சேர்க்கிற விலை.

பாக்கெட் உப்பலாக இருக்கிறதே, உள்ளே இருப்பது என்ன? நைட்ரஜன் வாயு. சிப்ஸ் நொறுங்காமல் இருக்கவும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்கவும் அதை அடைக்கிறார்கள். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. எடையைத்தான் வெளியே அச்சடித்து விடுகிறார்களே! நாம்தான் பார்ப்பதில்லை.

எடை மட்டும் அல்ல, ஒரு கிராம் என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று 2021 நவம்பரில் திருத்தப்பட்ட எடை அளவு விதிகள் சொல்கின்றன. ஒரு கிராம் 40 பைசா என்று போட்டிருந்தால், கிலோ 400 ரூபாய் என்று அர்த்தம். மிகச் சிறிய பொட்டலங்களுக்கு விதிவிலக்கு உண்டு.

இப்போது தள்ளுவண்டிக்கு வருவோம். கொய்யா கிலோ 80 ரூபாய் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 ரூபாய்க்கு 125 கிராம். நடுத்தரமான ஒரு பழம் கிடைத்துவிடும். கிலோ 100 ரூபாய்க்கு ஏறினாலும் 100 கிராம் பழம் நிச்சயம். எடையில் மட்டும் நாலு மடங்கு!

தண்ணீர் போய் எண்ணெய் வந்தது

"கொய்யாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே, அதையும் சிப்ஸையும் எடைக்கு எடை ஒப்பிடலாமா?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

பச்சை உருளைக்கிழங்கிலும் 100-க்கு 80 பங்கு தண்ணீர்தான். எண்ணெய்ச் சட்டியில் விழுந்ததும் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. அது இருந்த இடத்தில் எண்ணெய் வந்து குடியேறுகிறது. கடைசியில் கையில் வரும் சிப்ஸில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்!

100 கிராம் சிப்ஸில் சுமார் 530 முதல் 550 கலோரி இருக்கிறது. அதே எடையுள்ள கொய்யாவில் 70 கலோரிகூட இல்லை. அதனால் எடைக்கு எடை பார்ப்பதைவிடக் கலோரிக்குக் கலோரி பார்ப்பதே சரியான தராசு. உடம்பில் சேருகிற சூட்டுக்கு ஈடாக என்ன சத்து கிடைக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

100 கலோரிக்கு என்ன கிடைக்கும்?

சிப்ஸ்: வெறும் 19 கிராம். ஒரு கைப்பிடிதான். அதில் எண்ணெய் 6 கிராமுக்கு மேல். நார்ச்சத்து ஒரு கிராம்கூடத் தேறாது. வைட்டமின் 'சி' மூன்று, நான்கு மில்லிகிராம்.

கிரீம் பிஸ்கட்: இரண்டு பிஸ்கட். அதில் சர்க்கரை 6 முதல் 8 கிராம். வைட்டமின் 'சி' பூஜ்யம் என்றே சொல்லிவிடலாம்.

கொய்யா: குறைந்தது 150 கிராம். பெரிய பழம் ஒன்று, அல்லது சின்னப் பழம் இரண்டு. நார்ச்சத்து 8 கிராம். வைட்டமின் 'சி' 300 மில்லிகிராம்!

வாழைப்பழம்: நடுத்தரப் பழம் ஒன்று. நார்ச்சத்து 3 கிராம். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க உதவும் பொட்டாசியம் 400 மில்லிகிராம்.

பப்பாளி: சுமார் 230 கிராம். வண்டிக்காரர் நறுக்கிக் கொடுக்கும் தட்டு நிறைய வரும். வைட்டமின் 'சி' 140 மில்லிகிராம். கண்ணுக்கு நல்லதான 'ஏ' சத்தும் உண்டு.

ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் 'சி' 80 மில்லிகிராம். பெண்ணுக்கு 65. இது 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட கணக்கு. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரே பழத்தில் இரண்டு நாள் கணக்கு தீர்ந்தது!

ஆப்பிள் தோற்றது!

"பழம் என்றால் ஆப்பிள் வாங்க வேண்டும், அதற்கு வசதி ஏது?" என்று நினைப்பவர்கள் பலர். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனாலும் கையில் ஆப்பிள் பைதான்.

சங்கதி வேறு. 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் 'சி' 5 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. கொய்யாவில் அதைப்போல நாற்பது மடங்கு! பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் கூடை கூடையாக விளைகிற பழம், காஷ்மீரத்துப் பழத்தை ஓரம் கட்டி விடுகிறது.

நெல்லிக்காய் கொய்யாவுக்கும் அண்ணன். 100 கிராமுக்கு 250 மில்லிகிராம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டுப் பட்டியல். உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்னும் பெரிய நெல்லிக்காய்தான் அது. 528 உணவுப் பொருள்களை அலசி ஆராய்ந்து போட்ட பட்டியல் அது.

குன்னூரில் பிறந்த கணக்கு

இந்தச் சத்துக் கணக்குக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்தது நீலகிரி குன்னூரில்! 1918-ல் அங்குள்ள பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில், ராபர்ட் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்ததுதான் தொடக்கம். பட்டை தீட்டிய அரிசியை மட்டுமே நம்பிச் சாப்பிடுகிறவர்களைப் பிடிக்கும் நோய் பெரிபெரி.

அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு, 1937-ல் இந்திய உணவுப் பொருள்களின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். 1958-ல் ஆராய்ச்சிக்கூடம் ஐதராபாத்துக்கு மாறியது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி.கோபாலன் அதை வளர்த்தெடுத்தார்.

தானியத்தைப் பட்டை தீட்டினால் சத்து போய்விடும் என்று நூறு வருஷத்துக்கு முன்பே சொன்னது குன்னூர். இன்றைய பிஸ்கட்டின் மைதாவுக்கும் அதே கதைதான்.

மூன்று எண் பார்த்தால் போதும்

பாக்கெட்டின் முன்பக்கத்தில் படம் இருக்கும். பின்பக்கத்தில்தான் விஷயம் இருக்கும். எழுத்து எறும்பு ஊர்வது மாதிரிதான் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாவது மூன்று இடத்தைப் பார்த்து விட வேண்டும்.

முதலாவது, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல். எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். பிஸ்கட் பாக்கெட்டில் மைதா, சர்க்கரை, பாமாயில் என்று வரிசையாக வந்தால், அந்த பிஸ்கட் பெரும்பாலும் அந்த மூன்றும்தான். முன்னால் ஆரஞ்சுப் பழம் படம் இருக்கும். பட்டியலில் ஆரஞ்சைத் தேடினால் ஆரஞ்சு வாசனைதான் கிடைக்கும்!

இரண்டாவது, சர்க்கரை. பழத்தின் இயற்கைச் சர்க்கரை தனி, கம்பெனி சேர்த்த சர்க்கரை தனி என்று இரண்டையும் பிரித்துப் போட வேண்டும். சேர்த்த சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பதுதான் லேபிள் விதியின் அளவு. 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன் ஏறத்தாழ 5 கிராம். முழுச் சர்க்கரை கோலா 300 மில்லி குடித்தால் ஆறு ஸ்பூன் உள்ளே போய்விடும்!

மூன்றாவது, சோடியம். இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. சோடியம் எவ்வளவு என்று பார்த்து இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு, அதுதான் எல்லை. வீட்டுச் சாம்பார், ரசம், ஊறுகாயிலேயே அந்த எல்லையை நெருங்கி விடுகிறோம். மேலே மசாலா சிப்ஸ் வேறு என்றால்?

ஒரு பாக்கெட்டில் சோடியம் குறைவுதான், 150 மில்லிகிராம் அளவு இருக்கலாம். ஒன்றோடு நிறுத்துகிறவர் யார் என்பதுதான் கேள்வி. கொய்யாவிலோ வாழைப்பழத்திலோ சோடியம் இருப்பது பேருக்குத்தான்.

கை ஏன் நிற்பதில்லை?

"ஒண்ணே ஒண்ணுதான்னு ஆரம்பிச்சா பாக்கெட்டே காலி!" இப்படிச் சொல்லாத வீடு இல்லை. சாப்பிடுகிறவரின் பேராசை மட்டுமே இதற்குக் காரணம் இல்லை என்று ஓர் ஆராய்ச்சி காட்டியிருக்கிறது.

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற விஞ்ஞானியும் குழுவினரும் 20 பேரை ஆராய்ச்சிக்கூடத்திலேயே தங்க வைத்துப் பரிசோதித்தார்கள். இரண்டு வாரம் தொழிற்சாலைத் தயாரிப்பு உணவு, இரண்டு வாரம் இயற்கை உணவு. இரண்டிலும் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம்.

2019-ல் முடிவு வெளியானது. தொழிற்சாலை உணவு கொடுத்தபோது ஒவ்வொருவரும் தினமும் சராசரி 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள்! இரண்டே வாரத்தில் 900 கிராம் எடை ஏறியது. இயற்கை உணவுக்கு மாறியபோது அதே அளவு இறங்கியது.

காரணம் பெரிய மர்மம் அல்ல. சிப்ஸும் பிஸ்கட்டும் வாயில் போட்டதும் கரைகின்றன. "போதும்" என்று வயிறு சொல்வதற்குள் பாக்கெட் முடிந்து விடுகிறது. கொய்யாவைக் கடித்து, மென்று, விழுங்கப் பத்து நிமிஷம் ஆகிறது. நார்ச்சத்தும் தண்ணீரும் வயிற்றை நிரப்புகின்றன. இரண்டு கொய்யாவுக்கு மேல் மூன்றாவதைத் தின்னச் சொன்னால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்!

பத்துக் கோடிப் பேர்

இது வெறும் ருசிப் பிரச்சினையாக இருந்தால் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காக அந்த ஆய்வை நடத்தியது சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம்தான். பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ரத்தக் கொதிப்பு என்பதும் அந்த ஆய்வின் கணக்கு.

சிப்ஸ் பாக்கெட் ஒன்றால் மட்டும் இது வந்ததாகச் சொல்ல முடியாது. நாற்காலி வேலை, நடை குறைந்தது, சாப்பாட்டில் அரிசி அதிகம், தூக்கமின்மை என்று பல காரணங்கள். ஆனால் தினசரி மாலையில் கூடுதலாகச் சேரும் எண்ணெயும் உப்பும் சர்க்கரையும் அந்தப் பாரத்தில் ஒரு மூட்டை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. கீரையிலும் பருப்பிலும் இரும்புச் சத்து இருந்தும், உடம்பு அதை லேசில் இழுத்துக்கொள்வதில்லை. கூடவே வைட்டமின் 'சி' இருந்தால் அதிகமாக இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தாலோ இரும்புச் சத்து வீணாகும். சாப்பாட்டுக்குப் பின் டீக்குப் பதில் ஒரு துண்டு கொய்யா, அல்லது ஒரு நெல்லிக்காய். செலவு அநேகமாக ஒன்றுதான்!

சர்க்கரை நோயாளி பழம் தின்னலாமா?

"எனக்கு சுகர். டாக்டர் பழமே தொடக்கூடாதுன்னுட்டார்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிடுகிறவர்களை எந்த ஆபீசிலும் பார்க்கலாம். பிஸ்கட் மைதாவும் சர்க்கரையும்தான் என்பது அவர்களுக்கு நினைவுக்கு வருவதில்லை!

அமெரிக்காவில் 1 லட்சத்து 87 ஆயிரம் பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. திராட்சை, ஆப்பிள் போன்ற பழங்களை முழுசாகச் சாப்பிட்டு வந்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு குறைந்து இருந்தது. பழச்சாறு குடித்து வந்தவர்களுக்குக் கூடி இருந்தது.

பழத்தைப் பிழிந்தால் நார் சக்கையாகப் போய்விடும். சர்க்கரை மட்டும் டம்ளருக்கு வரும். ஜூஸ் கடையில் அதற்கு மேலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை! பாட்டிலில் வரும் பழபானம் என்றால் இன்னும் மோசம். 100-க்கு 10 பங்கு பழச்சாறு இருந்தாலே சட்டப்படி அதைப் பழபானம் என்று விற்கலாம். "100 சதவீதம் பழச்சாறு" என்று பாட்டிலில் போடுவதை நிறுத்தும்படி 2024 ஜூன் மாதம் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது.

நீரிழிவு உள்ளவர்கள் கொய்யா, நாவல், பப்பாளி போன்றவற்றை அளவோடு சாப்பிடலாம் என்பதே டாக்டர்கள் பொதுவாகச் சொல்வது. மா, பலா, வாழையில் கட்டுப்பாடு வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும், பொட்டாசியம் காரணமாக, டாக்டரைக் கேட்காமல் பழத்தைத் தொடக்கூடாது.

பழத்திலும் குற்றம் உண்டு

பழ வண்டி எல்லாம் பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்லிவிட முடியாது. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது தடை செய்யப்பட்ட காரியம். ஆனாலும் கோயம்பேடு மார்க்கெட்டில் அதிகாரிகள் சோதனை போட்டு, கார்பைடு பழங்களைப் பறிமுதல் செய்த செய்திகள் பல தடவை வந்திருக்கின்றன. எத்திலீன் வாயு வைத்துப் பழுக்க வைப்பதற்கு மட்டும் அனுமதி உண்டு.

காம்பு பச்சையாக இருக்க, தோல் மட்டும் ஒரே சீராக மஞ்சளாக இருக்கும் வாழைத்தாரைக் கண்டால் உஷாராக இருக்க வேண்டும். வாங்கிய பழத்தைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். நறுக்கி வைத்து ஈ மொய்க்கும் தட்டைத் தொடவே கூடாது. கண் முன்னால் நறுக்கித் தரச் சொல்லி வாங்க வேண்டும். மேலே தூவும் உப்பு, மிளகாய்த்தூளையும் குறைக்கச் சொல்வது நல்லது. இல்லாவிட்டால் சிப்ஸில் தப்பித்த உப்பு கொய்யாவில் வந்து சேரும்!

பழத்தில் இன்னொரு குறை, புரதமும் கொழுப்பும் சொற்பம். நல்ல பசிக்குப் பழம் மட்டும் தாங்காது. கூட ஒரு கைப்பிடி வேர்க்கடலை, பொட்டுக்கடலை, அல்லது மெரினாவில் விற்கிற தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். இதைச் சேர்த்துக்கொண்டால் ராத்திரி சாப்பாடு வரை கவலை இல்லை. "பாக்கெட் வேண்டாம், வீட்டு முறுக்கு நல்லது" என்று சமாதானம் சொல்லிக்கொள்வதும் சரிப்படாது. எண்ணெயில் பொரித்தால் முறுக்கும் மிக்சரும் கலோரியில் சிப்ஸுக்குத் தம்பிதான்.

கடைக்காரர் கஷ்டம்

பெட்டிக்கடைக்காரர் ஏன் பழம் வைப்பதில்லை? "பழம் ரெண்டு நாள்ல வாடிடும், அழுகினா நட்டம் எனக்கு. பாக்கெட்டு மாசக்கணக்கில கெடாது. கம்பெனிக்காரங்களே கொண்டுவந்து மாட்டிட்டுப் போறாங்க" என்பதுதான் கடைக்காரர்கள் தரப்பு வாதம். நியாயம் இல்லாமல் இல்லை.

பழத்துக்கு விளம்பரம் கொடுக்க நடிகர் இல்லை. கடையில் மாட்டச் சரம் இல்லை. வியாபாரி காலை இருட்டோடு கோயம்பேட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்து, வெயிலில் நின்று, மாலைக்குள் விற்றாக வேண்டும். விற்காதது அவர் தலையில். அப்படி இருந்தும் டீக்கடை வாசலில் தொங்கும் வாழைத்தார் மட்டும் இன்றுவரை தோற்கவில்லை. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி என்று எது தொங்கினாலும் ராத்திரிக்குள் பெரும்பாலும் காலி. கேட்கிற ஆள் இருந்தால் சரக்கு தேங்காது என்பதற்கு அதுவே சாட்சி. பக்கத்தில் ஒரு கூடை கொய்யா வைத்துப் பார்க்கும் கடைக்காரருக்கும் அதே கணக்கு பலிக்கலாம்.

பள்ளிக்கூடம் வாசலில்

பெரியவர்களைவிட இந்த விஷயம் பிள்ளைகளுக்குத்தான் அவசரம். கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தீனிகளைப் பள்ளிக்கூட வளாகத்திலும், அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்று 2020-லேயே மத்திய விதி வந்தாகிவிட்டது. விதி காகிதத்தில் இருக்கிறது, சரம் கடையில் தொங்குகிறது!

தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டில் 2016 முதல், உப்பு, சர்க்கரை, கொழுப்பு எல்லை மீறிய பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். இந்தியாவில் 2022-ல் நட்சத்திரக் குறி போடலாம் என்று ஒரு வரைவு வெளியிட்டார்கள். எச்சரிக்கை முத்திரைதான் வேண்டும் என்று சுகாதார ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

முத்திரை வருகிறபோது வரட்டும். "அப்பா, என்ன வாங்கிட்டு வந்தே?" என்று பையைத் துழாவும் பிள்ளைக்கு அதுவரை காத்திருக்கத் தெரியாது. பையில் எது இருக்கிறதோ அதைத்தான் தின்னும். வாரத்தில் ஆறு நாள் பாக்கெட் வாங்குகிறவர்கள் நாலு நாளைக் கொய்யாவுக்கும் வாழைக்கும் மாற்றினாலே பாதி வெற்றி.

ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 100 கிராம் பழம். 2024-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்வது அவ்வளவுதான். கணக்குப்படி அது ஒரே ஒரு கொய்யா. விலை, ஒரு சிப்ஸ் பாக்கெட்!